இன்னும் கொஞ்சம், போதும் போதும்

எங்கள் வெள்ளிக்கிழமைப் பஜனை ஒரு துப்பாக்கிப் படத்துக்குள் போய்ச் சேரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், பாவம், ஏதோ குழம்பிப் போனார் என்று நினைத்து நெற்றியில் திருநீறு பூசி, ஒரு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் போய்ச் சேர்ந்தது. மூன்று நாடுகள் கூடி எடுத்த படம் அது. கொள்ளை, கார்த் துரத்தல், துவக்குச் சூடு எல்லாம் இருக்கிறது. அதன் இசைக்குள் எங்கள் ஆறு பேருடைய கைதட்டலும் குரலும் இருக்கின்றன. நான் அதிகம் படித்தவள் அல்ல. யுத்தத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது என் படிப்பும் மூடிக்கொண்டது. நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் தெரு வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பவை. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவருடைய தாய் தகப்பன் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் லண்டன். எழுபதை எட்டப்போகிறவர், நெடுநெடு என்ற உயரம், மழையோ வெயிலோ தலையில் ஒரு கம்பளித் தொப்பி. பேஸ் கிட்டார் வாசிப்பதுதான் தொழில். என் மகள் சின்ன வயதில் அவரை அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினாள். பிறகு நானும் என் கணவரும்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம்.

அவர் வாசித்தால் பாட்டு எங்கள் பக்கம் வராது. பாட்டின் அடிப்பாகம் மட்டும் சுவருக்குள்ளால் நடந்து வரும். தும், தும்தும், பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில்தான் என் கால் தானாக அசையும். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றால் கத்தியும் அதோடு சேர்ந்து போகும்.

“சோல், ஃபங்க், அதுதான் அம்மா அதின்ர பேர்” என்று மகள் ஒருநாள் விளங்கப்படுத்தினாள். “சேர்ச்சில இருந்து வெளிய வந்து டான்ஸ் ஆடப் போன மியூசிக்.”

“பேர் என்னவாவது இருக்கட்டும், பிள்ளை. வெங்காயம் நல்லா வெட்டுப்படுது” என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஹோலில் பஜனை நடக்கும். பக்கத்துத் தெருக்களிலிருந்து ஐந்து பெண்கள் வருவார்கள், நான் ஆறாவது. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, நிலத்தில் பாய் விரித்து, சுவாமிப் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றி வட்டமாக இருப்போம். எங்களுக்குத் தலைவி பாரிஸ் அக்கா. ஊரிலிருந்து பாரிசுக்குப் போய், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பல வருடம் வேலை செய்து, பிள்ளைகள் இங்கிலீசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். அவருடைய குரலைப் பற்றி என்ன சொல்ல? இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அந்தக் குரல் எழும்பினால் கூட இருப்பவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள்.

அக்கா ஒரு வரி சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். முதலில் மெல்ல. பிறகு ஏதோ ஒரு இடத்தில் அக்கா கைத்தாளத்தை நெஞ்சுக்கு நேரே தூக்குவார். அவ்வளவுதான், ஆறு பேரும் ஒரே மூச்சில் இரட்டை வேகத்துக்குப் போய்விடுவோம். கடைசியில் அக்கா “நம பார்வதீ பதயே!” என்று எடுத்துக் கொடுப்பார். நாங்கள் “அரகர மகாதேவா!” என்போம். சைவ வீட்டில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். கோயிலோ, பஸ்ஸோ, கல்யாண வீடோ, ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றப் பாதி வாயில் தானாக வரும். வாயில் வடை இருந்தாலும் வரும்.

பஜனை முடிந்ததும் ஒரு தட்டில் கடலையும் வடையும் போட்டு வேலிக்கு மேலால் அங்கிளுக்குக் கொடுப்போம். அவர் தட்டைக் கழுவி, இரண்டு அப்பிளாவது வைத்துத் திருப்பித் தருவார். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய தாய் வீட்டிலும் அதே வழக்கமாம்.

ஒரு வெள்ளி, பஜனை முடிந்த கையோடு அவரே வாசலில் வந்து நின்றார்.

“நீங்கள் வேகத்தை இரண்டு மடங்காக்குகிறீர்களே, அதற்கு யார் எண்ணிக்கை கொடுப்பது?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை. அக்கா தாளத்தைத் தூக்குவா.”

“சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எனக்கு அது தெரியாதே. ஆனால் எனக்கும் ஒவ்வொரு முறையும் முதலே தெரிந்துவிடுகிறது. எப்படி?”

பாரிஸ் அக்கா என் பக்கம் திரும்பி, “அவருக்கும் ஒரு வடை குடும், தெரியும்” என்றார்.

அடுத்த கிழமை அவர் விசயத்தோடு வந்தார். பிரான்ஸ், பெல்ஜியம், இங்கிலாந்து மூன்றும் சேர்ந்து எடுக்கும் ஒரு படத்துக்கு அவர் இசை செய்கிறார். இரண்டு சகோதரர்கள், அவர்களுக்கு ஒரு தங்கச்சி. சகோதரர்கள் பெல்ஜியத்தில் வைரம் கொள்ளையடிக்கிறார்கள், தங்கச்சி கார் ஓட்டுகிறாள். லண்டனில் பொலிஸ் துரத்துகிறது. இசை முழுக்க அவருடைய இளவயதுக் காலத்துப் பழைய சோல், ஃபங்க். கார் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழையும் இடத்தில் பாட்டின் வேகம் இரட்டிக்க வேண்டும். “என் ஆட்கள் நன்றாக வாசிப்பார்கள். ஆனால் அந்த இடம் மெஷின் போல இருக்கிறது. எனக்கு உங்கள் கைகள் வேண்டும். உங்கள் வாயும் வேண்டும்” என்றார்.

இரவு சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். பிட்டுக்குள் கிடந்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“துவக்குப் படத்துக்குப் பஜனையோ? உமக்கென்ன விசரே?”

“பஜனை இல்லையப்பா. கைதட்டத்தான் கேக்கினம்.”

“இண்டைக்குக் கைதட்டு. நாளைக்கு உம்மையும் ஒரு துவக்கைத் தூக்கச் சொல்லுவினம், பாரும்.”

பாரிஸ் அக்காவுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் ஒரு கட்டளை போட்டார். “சுவாமியின்ர பேரைக் கொண்டுபோய்க் கள்ளன்ர காருக்குப் பின்னால கட்டேலாது. வேற என்னவும் பாடலாம். பேர் மட்டும் வரக் கூடாது.” அங்கிள் உடனே தலையாட்டினார். சொற்கள் என்னவாக இருந்தாலும் தனக்குச் சம்மதம் என்றார்.

சம்மதம் சரி, எதைப் பாடுவது? என் குசினி மேசையில் பெரிய மாநாடு நடந்தது. பஜனை பாடிப் பாடிப் பழகிய வாய்களுக்குக் கடவுள் பேரில்லாமல் ஒரு வரியும் வரவில்லை. ஒருவர் சினிமாப் பாட்டு என்றார். அது வேறு யாருடையதோ, வழக்குப் போடுவார்கள் என்றாள் மகள். இன்னொருவர், சின்னப் பிள்ளைகளின் அணில் பாட்டைச் சொன்னார்.

“ஓமோம்” என்றார் பாரிஸ் அக்கா. “ஆறு கிழவியள் அணில் பாட்டுப் பாடினா, கள்ளன் சிரிச்சே பிடிபட்டுடுவான்.”

கதைத்துக் களைத்துப் போய்ச் சாப்பிட இருந்தோம். அங்கிளும் இருந்தார். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் சுற்றிச் சுற்றிப் பரிமாறினேன். “இன்னும் கொஞ்சம்?” என்பேன். “போதும், போதும்!” என்று கையால் தட்டை மறைப்பார்கள். நான் போட்டுவிடுவேன். அடுத்தவரிடம் போய், “இன்னும் கொஞ்சம்?” “போதும், போதும்!” மகள் போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“அம்மா! இப்ப நீங்கள் செய்யிறதுதான்! அங்கிளின்ர காலைப் பாருங்கோ!”

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதரின் கால் மேசைக்குக் கீழே தட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அர்த்தத்தைச் சொன்னபோது தொப்பி கழன்று விழச் சிரித்தார். தங்கச்சி வேகத்தைக் கூட்டக் கூட்டப் பின்னால் இருக்கும் அண்ணன்மார் நடுங்குகிறார்கள், படத்திலும் அதுதான் கதை என்றார். பாரிஸ் அக்கா “இன்னும் கொஞ்சம்” என்று எடுப்பது, நாங்கள் “போதும் போதும்” என்று மறிப்பது. இப்படி முடிவானது.

ஸ்டூடியோ நடு லண்டனில், நிலத்துக்குக் கீழே இருந்தது. எலிசபெத் லைன் ரெயினில் ஆறு பேரும் பட்டுச்சேலையோடு போனோம். கல்யாண வீட்டுக்கா என்று ஒரு வெள்ளைக்கார மனிசி கேட்டார். “நோ, ஃபில்ம்” என்று பாரிஸ் அக்கா சொன்ன தோரணையைப் பார்த்திருக்க வேண்டும்.

உள்ளே டிரம்ஸ்காரரும், ட்ரம்பெட், சாக்ஸபோன் ஊதுகிற மூன்று பேரும் இருந்தார்கள். அவர்கள் வாசிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடமும் சுவர் வழியாக நான் கேட்டது அடுப்பு மட்டும். சாப்பாடு இதுதான். அந்த ஊதுகுழல்கள் மூன்றும் ஒன்றாகப் பளிச்சென்று வெட்டியபோது என் பக்கத்தில் நின்றவர், “சிவ சிவா” என்று நெஞ்சில் கை வைத்தார்.

ஆனால் எங்கள் முறை வந்ததும் எல்லாம் கெட்டது. உயரக் கதிரைகளில் தள்ளித் தள்ளி இருத்தினார்கள். காதுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். அதற்குள் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம், அதற்குத் தட்ட வேண்டுமாம். நாங்கள் தட்டினோம். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் குளிருக்குக் கை தட்டுவது போல இருந்தது. திரும்பவும் செய்தோம், இன்னும் மோசம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர், பிரான்சிலிருந்து வந்த மெல்லிய பெண், தலையைக் குனிந்துகொண்டார்.

பாரிஸ் அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“இந்த டிக் டிக்கைக் காதுக்குள்ள வைச்சுக்கொண்டு எப்பிடியப்பா பாடுறது? பல்லு டொக்டரிட்ட வாயைத் திறந்துகொண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு.”

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அங்கிளிடம் சொன்னேன். அவர் அந்த டிக் டிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, கதிரைகளை வெளியே போட்டு, ஒரு கம்பளத்தை விரிக்கச் செய்தார். நாங்கள் செருப்பை வாசலில் கழற்றி வட்டமாக இருந்தோம். அங்கிளும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கிட்டாரோடு எங்கள் வட்டத்துக்குள் வந்து சம்மணம் போட்டார். முழங்கால் இரண்டும் காதளவுக்கு நின்றன. டிரம்ஸ்காரரும் தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றினார்.

அதன் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல ஏலாது. தும், தும்தும், இடைவெளி. “இன்னும் கொஞ்சம்!” “போதும் போதும்!” அக்கா பரிமாறுகிறவர் போலக் கையையும் நீட்டினார். நாங்கள் நிசமாகவே தட்டை மறைத்தோம். ஊதுகுழல்கள் எங்களுக்குப் பதில் சொல்லின. அக்கா தாளத்தைத் தூக்கினார். நாங்கள் எல்லோரும், கிட்டாரும் டிரம்சும் குழல்களும், ஒரே மூச்சில் இரட்டை வேகத்துக்குப் போனோம். எனக்கு வேர்த்தது, சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. கடைசித் தட்டில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. நல்ல பஜனை முடிந்தால் உடம்பு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

அப்படி இருந்ததுதான் பிழை. அக்கா கண்ணைத் திறக்காமலே, பழக்கத்தில், முழுக் குரலில் எடுத்தார்: “நம பார்வதீ பதயே!”

நாங்களும் யோசிக்கவில்லை. “அரகர மகாதேவா!”

பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் துள்ளி எழும்பி, கையைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பிரெஞ்சில் ஏதோ வேகமாகச் சொன்னார். எல்லோரும் வந்து எங்களைக் கட்டிப் பிடித்தார்கள். பாரிஸ் அக்காவின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது.

திரும்பி வரும்போது ரெயினில்தான் காரணத்தைச் சொன்னார்.

“அவ சொன்னது எனக்கு விளங்கினது. பிரெஞ்சு எனக்குத் தெரியுமெண்டு அவைக்குத் தெரியாதெல்லோ. ‘அந்தக் கடைசிக் கூப்பாடு வேணும். துவக்கு வெடிச்சுத் தம்பி விழுற இடத்தில அதை வை’ எண்டவ.”

“எந்தத் தம்பி?”

“படத்தில. அண்ணன்காரன் தம்பியைச் சுடுறானாம்.”

அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, “என்ர வாயால எல்லோ வந்தது” என்றார்.

அடுத்த வெள்ளி அக்கா வந்தார். ஆனால் மூலையில் இருந்து கைதட்டினார், வாய் திறக்கவில்லை. நான்தான் வரிகளை எடுத்துக் கொடுத்தேன். என் குரலுக்கு ஒருவரும் நிமிரவில்லை. வேகமும் கூடவில்லை. முடிவில் ஒருவரும் எடுத்துக் கொடுக்காததால், பஜனை முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே.

“அந்தப் படம் வெளியால வந்து, அந்த இடத்தில என்ர குரல் கேட்டுதெண்டா, நான் இனி அந்தப் பேரை எடுத்துக் குடுக்க மாட்டன்” என்றார் அக்கா. “கொலைக்குக் குடுத்த குரலைச் சுவாமிக்கும் குடுக்கிறதோ?” அக்கா எதையும் சிரிப்பாக்கும் பகிடிக்காரி. ஆனால் இதில் பகிடி இல்லை. அவர் பாடாவிட்டால் எங்கள் வெள்ளிக்கிழமை அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

அங்கிள் தட்டைத் திருப்பித் தர வந்தபோது, “என்ன, வேகமெல்லாம் எங்கே போனது?” என்று கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“என் அம்மா ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பாடுவார். நான் அதே மெட்டைச் சனிக்கிழமை கிளப்பில் வாசிப்பேன். மெட்டைக் கொண்டு போ, ஆண்டவர் பேரை வாசலில் விட்டுவிட்டுப் போ என்பார். அவர் இருந்திருந்தால் இப்போது என் காதைத் திருகியிருப்பார்.” கொஞ்சம் யோசித்தார். “எந்தச் சத்தம் எங்கே வரும் என்று தீர்மானிப்பது நான் அல்ல, டைரக்டர். உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்களே கேளுங்கள்.”

அங்கிளோடு அக்காவும் நானும் போனோம். படத்தை வெட்டி ஒட்டும் அறை சின்னது, இருட்டு. டைரக்டர் எங்களைக் கண்டு சந்தோசப்பட்டு, அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். ஆற்றுக்கு மேல் ஒரு நடைபாலம். அண்ணன் துவக்கை நீட்டுகிறான். தம்பி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். வெடிக்கிறது, விழுகிறான், எங்கள் ஆறு குரலும் எழும்புகின்றன. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு பொருத்தம். அதுதான் என்னை இன்னும் கவலைப்படுத்தியது. நான் இங்கிலீசில் தொடங்கி, “கோட்ஸ் நேம்”, கடவுளின் பேர், என்பதைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றேன்.

அப்போது பாரிஸ் அக்கா பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். டைரக்டர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் டைரக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு கதிரையை அக்காவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். என்ன சொன்னார் என்பதை அக்கா பிறகு சொன்னார்.

அக்காவுக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு. மற்றவர் பேசினால் எல்லாம் விளங்கும், ஆனால் வாயில் வருவது சூடு கவனம், கெதியாச் செய், மேசையைத் துடை, இந்த மாதிரிச் சொற்கள்தான். அதில் கடவுளைப் பற்றிக் கதைக்கச் சொற்கள் இல்லை. அதனால், “அது ஒரு மேசைக்கெண்டு செய்த சாப்பாடு. நீங்கள் பிழையான மேசைக்குக் கொண்டுபோய் வைச்சிட்டியள்” என்று சொன்னாராம்.

“அப்படியென்றால் சரியான மேசை எது?” என்று டைரக்டர் கேட்டாராம்.

அதற்குத்தான் அக்கா அந்தக் கதையைச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் எங்களுக்குச் சொல்லாத கதை. ஐரோப்பாவுக்குள் வந்தபோது ஒரு லொறிக்குள் அடைத்துக் கொண்டுவந்தார்களாம். இருட்டு, காற்று இல்லை, சனம் மூச்சுக்குத் தவித்ததாம். விடியப்புறம் யாரோ கதவைத் திறந்தார்கள். குளிர்காற்று உள்ளே வந்தது. ஒருவருக்கும் எழும்பப் பலம் இல்லை. ஒரு வயது போன மனிதர் மட்டும் படுத்தபடியே, வெளியே கேட்காத குரலில், “நம பார்வதீ பதயே” என்றாராம். எல்லோரும் அதே மெல்லிய குரலில் பதில் சொன்னார்களாம்.

“மூச்சுத் திரும்பி வாற இடத்தில சொல்லுறது அது. அந்த மேசைதான்” என்று முடித்தார் அக்கா.

டைரக்டர் அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரிடமும் இங்கிலீசில் சொன்னார். அவரால் வாக்குத் தர முடியாது. இந்தப் படத்துக்கு மூன்று நாட்டிலும் முதலாளிகள் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அந்த இடம் அவர்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முயன்று பார்க்கிறேன் என்றார். வெளியேறும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

அதோடு மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. அங்கிளைக் கேட்டால், “எனக்கு என்ன தெரியும், நான் கிட்டார்காரன்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். வெள்ளிக்கிழமைகள் மெல்லமாகவே போயின. நான் ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது அம்மாளிடம் ஒரே ஒன்றைத்தான் கேட்டேன். படம் ஓடட்டும், ஓடாமல் போகட்டும், எங்கள் அக்காவின் வாயைத் திறந்து விடு தாயே என்று.

படம் வந்தது. இல்ஃபோர்ட் தியேட்டரில் ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். ஆறு பெண்கள், என் மகள், அங்கிள், பிறகு என் கணவர்.

“நீங்கள் துவக்குப் படம் பாக்க மாட்டனெண்டியள்?” என்றேன்.

“டிக்கெட் எடுத்தாச்சு. வீணாக்கிறதோ?” என்று பெரிய பொப்கோர்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா என் பக்கத்தில் இருந்தார். அவருடைய கை என் கையைப் பிடித்திருந்தது.

கார்த் துரத்தல் வந்தது. “இன்னும் கொஞ்சம்!” என்று அக்காவின் குரல் தியேட்டரின் நான்கு சுவரிலிருந்தும் வந்தபோது எங்கள் வரிசை ஒரு துள்ளுத் துள்ளியது. பின் வரிசைகளில் எங்கேயோ தமிழாட்கள் இருந்திருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்தார்கள். “போதும் போதும்!” சுரங்கப்பாதை. இரட்டை வேகம். என் கணவரின் பொப்கோர்ன் பாதி நிலத்தில். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

துரத்தல் முடிந்தது. நடைபாலம் வந்தது. அண்ணன் துவக்கை நீட்டினான். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வெடித்தது. தம்பி விழுந்தான்.

கிட்டார் மட்டும். தும். பிறகு ஒன்றும் இல்லை. எங்கள் குரல் இல்லை.

“அக்கா, இல்லை. எடுத்திட்டினம்” என்று காதில் சொன்னேன். அக்கா கண்ணைத் திறந்து, பெரிய மூச்சாக விட்டார்.

படம் தொடர்ந்தது. தங்கச்சி காரைத் திருப்புகிறாள். பொலிஸ் மறிக்கிறது. கார் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் விழுகிறது. தண்ணீருக்குள் எல்லாம் கறுப்பு. இசையும் இல்லை. அந்தப் பிள்ளை கதவைத் தள்ளுகிறது, கண்ணாடியை உதைக்கிறது, திறபடவில்லை. எங்களுக்கே மூச்சு முட்டியது. அவள் கள்ளி என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். கண்ணாடி உடைகிறது. மேலே, மேலே. தலை தண்ணீருக்கு வெளியே வருகிறது, வாயைத் திறந்து காற்றை இழுக்கிறாள்.

அப்போது, தனியாக, கரகரப்போடு, அக்காவின் குரல்.

“நம பார்வதீ பதயே!”

பதில் பாதியை டைரக்டர் வெட்டியிருந்தார். திரையில் அந்தப் பெண்ணின் முகமும் ஆறும்தான். தியேட்டர் முழுக்க அமைதி.

முதல் பாதியைக் கேட்டால் எங்கள் வாய் சும்மா இருக்குமா?

“அரகர மகாதேவா!”

எங்கள் வரிசை முழுக்கச் சொன்னது. பின்னாலிருந்த தமிழ்க் குடும்பமும் சொன்னது. எல்லோரையும் விடப் பெரிய சத்தம் என் கணவருடையது, வாய் நிறையப் பொப்கோர்னோடு. இரண்டு வரிசை முன்னாலிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் திடுக்கிட்டுத் திரும்பி, இதுவும் படத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, கைதட்டினார்கள். மகள் வெட்கத்தில் முகத்தைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, “அம்மா, பிளீஸ்!” என்றாள். ஆனால் அவளும் சொன்னாள், நான் கேட்டேன். பாரிஸ் அக்கா அழுதாரா சிரித்தாரா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

விளக்குப் போட்டதும் அக்கா எழும்பி அங்கிளிடம் போனார்.

“உங்களுக்கு முதலே தெரியும்.”

“தெரியும்” என்றார் அவர், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு. “உங்கள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.”

“கள்ளன்! படத்தில இருக்கிற கள்ளரை விடப் பெரிய கள்ளன்!” என்று அக்கா தமிழிலேயே திட்டினார். அவருக்கு நன்றாக விளங்கியது.

வெளியே வரும்போது அந்தத் தமிழ்க் குடும்பம் எங்களை மறித்தது. லண்டனின் மறுபக்கம், சட்டனிலிருந்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்களாம். அந்தத் தாய் என்னைத் தாண்டி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்கட குரல்தானே அக்கா? கதைக்கேக்கயே தெரியுது. எந்தக் கோயிலில பாடுறனீங்கள்?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கோயில் இல்லை, இவவின்ர வீட்டிலதான்” என்றார் அக்கா. “வெள்ளிக்கிழமை பின்னேரம். வாங்கோவன். சாப்பிட்டிட்டு வராதேங்கோ.”

அவர்கள் வந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பாய் போதாமல் கணவர் மாடியிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து விரித்தார். எல்லோரும் இருந்தார்கள். நான் விளக்கை ஏற்றிவிட்டுக் கைத்தாளத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கினார், தொண்டையைச் செருமினார், பாடினார்.